முடியும் என்று சொன்னவன்

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தோற்றது ஒன்றே ஒன்றுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவனுக்கு உயரம் கால் அங்குலம் பற்றவில்லை. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்தவள் நான், அதனால் நிச்சயமாகத் தெரியும். நெடுநேரம் நின்றால் முதுகெலும்பு அமுங்கி உயரம் குறைந்துவிடும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆளெடுப்பு மைதானத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க, இவன் ஒருவன் மட்டும் வரிசையில் மல்லாந்து படுத்து நகர்ந்தான். "யாரடா அவன், மயக்கம் போட்டுட்டானா?" என்று அதிகாரி கேட்டதற்கு, "இல்லைங்க ஐயா, உயரத்தைச் சேமிச்சு வைக்கிறேன்" என்றானாம். அளந்தபோது சரியாக இருந்ததா, இல்லை, அதிகாரி சிரித்துக்கொண்டே சரி என்று போட்டாரா, அது அவனுக்கே தெரியாது. பட்டாளத்தில் கடைசிவரை அவனைப் 'படுத்தவன்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

பெண்ணை ஜெயித்தது இரண்டாவது. அவள் அப்பா சைக்கிள் கடைக்காரர். பட்டாளத்துக்காரனுக்குப் பெண் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவன் ஒவ்வொரு விடுமுறைக்கும் அதே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் பஞ்சர் ஒட்டச் சொல்வான். ஓட்டையை ஊசியால் போடுவதும் இவனேதான். மூன்றாம் வருடம் அவர் டியூபைத் தூக்கிக் காட்டினார். "இதுல இனிமே ஒட்ட இடமில்லப்பா. பொண்ணைக் கட்டிக்கிட்டு என்னை விட்டுடு." கல்யாணத்தன்று அந்த டியூபை மாமனார் காகிதத்தில் சுற்றி மாப்பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தார்.

மூன்றாவது, பேச்சு. மலைப்பாதையில் தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலையில் இருந்தபோது வண்டி கண்ணிவெடியில் ஏறிவிட்டது. கூட இருந்த இரண்டு பேர் அங்கேயே முடிந்துபோனார்கள். இவனுக்குத் தலையில் அடி. வலது கை செத்துப்போயிற்று, வலது கால் கட்டை மாதிரி ஆயிற்று, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. இனி பேச மாட்டார் என்று டாக்டர் என் தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, போய் அவனுக்குச் சாப்பாடு ஊட்டினாள். மாதக்கணக்கில் ஊட்டினாள். ஒரு நாள் இரண்டாவது வாயை வாங்கியவன் முகத்தைச் சுளித்து, "உப்பு" என்றான். அவள் கிண்ணத்தைப் போட்டுவிட்டு அழுதபடி ஓடியதைப் பார்த்து, ஆள் போய்விட்டான் என்று நர்ஸ் எதிரே ஓடி வந்தார். அதன் பிறகு மெல்ல மெல்ல எல்லாச் சொல்லும் திரும்பி வந்தது. சற்று இழுத்துப் பேசுவான், அவ்வளவுதான்.

நான்காவது ஜெயம் ஊருக்கே பயன்பட்டது. நகராட்சி அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு சேவை மேசை உண்டு. ஓய்வூதியத்தில் சிக்கல், மருந்துச் செலவு, சக்கர நாற்காலி, விதவைகளுக்கான உதவி, எல்லாவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். அந்த மேசையை எந்தப் புண்ணியவானோ முதல் மாடியில் கொண்டுபோய் வைத்திருந்தான். காலில்லாதவர்கள் வந்து பார்க்க வேண்டிய மேசை, இருபது படிக்கு மேலே. என் தம்பி திங்கட்கிழமை தோறும் படிக்கட்டின் அடியில் சக்கர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். நாற்காலியில் மாமனார் கடையிலிருந்து ஒரு சைக்கிள் மணி வாங்கி மாட்டியிருந்தான். டோக்கன் எண் கூப்பிட்டதும் மணியை அடிப்பான். மேலே இருக்கிற மேசைக்காரர் காகிதத்தோடு இறங்கி வருவார், கேட்பார், ஏறுவார், முத்திரை வைப்பார், மறுபடி இறங்குவார்.

"அண்ணே, உங்களால எனக்கு முட்டி போச்சு" என்றார் மேசைக்காரர் ஒரு நாள்.

"அப்ப நீங்களும் நம்ம மேசைக்கு மனு போடலாம் தம்பி. முதல் மாடிக்கு வாங்க."

அந்த வருடம் முடிவதற்குள் மேசை கீழே வந்துவிட்டது. அந்த மேசைக்காரரே, தானே முன்னின்று, நாற்காலி ஏறும் சரிவையும் கட்ட வைத்தார். நல்ல மனிதர். இளவயதுதான். அதன் பிறகு எங்கள் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார்.

இப்படிப்பட்டவன், வீட்டுக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்று கேட்ட இடத்தில்தான் தோற்றான்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவனைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, கழிப்பறைக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள் ஒருத்தி. உயரம் குறைவே தவிர அவன் எடை குறைவில்லை. ஒன்பது வருடம் தூக்கியதில் அவள் முதுகு போய்விட்டது. குனிந்தால் நிமிர்வதற்குச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். நான் ஊரின் அடுத்த முனையில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தேன். தையல் ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போய்த் துணி துவைத்து வீட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். அது போதாது.

மேசைக்காரர்தான் வழி சொன்னார். நகராட்சி செலவிலேயே தினமும் காலையில் ஒரு பயிற்சி பெற்ற ஆள் வீட்டுக்கு வந்து, எழுப்பிக் குளிப்பாட்டி உடுத்தி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவார். மாலையில் ஒரு முறை வந்து படுக்க வைப்பார். அது கிடைக்கவில்லையென்றால், இருக்கிற ஒரே வழி படைவீரர் பராமரிப்பு இல்லம். அது ரயிலில் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அங்கே மனைவிமாருக்கு இடம் கிடையாது.

"நான் இவளை விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்" என்றான் தம்பி.

"அப்ப உதவியாளுக்கே போடுவோம். வீட்டுக்கு ஒரு மதிப்பீட்டாளர் வருவாங்க. உங்களால எதெல்லாம் முடியலைன்னு பார்த்துக் குறிச்சுக்கிட்டுப் போவாங்க. எவ்வளவு முடியலையோ அவ்வளவு நல்லது." மேசைக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அழுத்திச் சொன்னார். "அண்ணே, வர்றவங்ககிட்ட வீரத்தைக் காட்டிடாதீங்க."

"சரி சரி" என்றான்.

மதிப்பீட்டாளர் வருகிற அன்று காலை நான் போனபோது வீடு முழுக்க ஷூ பாலிஷ் வாசனை. விடிந்ததும் விடியாததுமாக மனைவியை எழுப்பி முகம் மழிக்கச் சொல்லியிருக்கிறான். சட்டைக்கு இஸ்திரி. படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டச் சொல்லி, ஒரு மூலை சரியில்லை என்று மறுபடி கட்டச் சொல்லியிருக்கிறான். மருந்துப் புட்டிகள் அலமாரியில் உயர வரிசையில் நின்றன. படுக்கைக்கு அடியில் இருக்கும் மூத்திரப் பாத்திரத்தைக் காணவில்லை.

"எங்கம்மா அது?" என்றேன் அவளிடம்.

"பக்கத்து வீட்ல கொண்டுபோய் வைக்கச் சொல்லிட்டாரு அண்ணி."

"டேய், வர்றது உன்னால முடியாததைப் பார்க்கடா!"

"மேலதிகாரி பார்வையிட வர்றப்ப இடம் சுத்தமா இருக்கணும்க்கா. அது முறை."

"அந்தம்மா மேலதிகாரி இல்லடா, நர்ஸ்."

"யாரா இருந்தா என்ன, பார்வைன்னா பார்வைதான்."

மதிப்பீட்டாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. பணிவாக வந்து, பணிவாக உட்கார்ந்து, பணிவாகக் கேட்டார். எழுந்து நிற்க முடியுமா? முடியும். யாராவது பிடிக்க வேண்டுமா? தேவையில்லை. தானாகச் சாப்பிட முடியுமா? முடியும். மேசை விளிம்பை இடது கையால் பற்றி, பல்லைக் கடித்து, எழுந்து நின்றே காட்டிவிட்டான். கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அந்த அம்மா உற்சாகம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ. நான் குறுக்கே புகுந்து, "இவளோட முதுகைப் பாருங்கம்மா" என்றேன். அவர் வருத்தத்தோடு, "மதிப்பீடு அவருக்குத்தாங்க" என்றார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "இவ்வளவு கட்டுப்பாடா இருக்கிறவரை நான் பார்த்ததே இல்லை."

அவனுக்குப் பதக்கம் குத்திய மாதிரி இருந்தது. அவர் தெருமுனை திரும்பியதும் அப்படியே சரிந்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிப் படுக்க வைத்தோம்.

உதவியாள் தேவையில்லை என்று முடிவு வந்தது. அன்று அவள் அவனோடு பேசவில்லை. வேலை எல்லாம் செய்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. அவனால் அதைத் தாங்க முடியாது. சாயங்காலம் என்னைப் போனில் கூப்பிட்டு, "அக்கா, இவ சாப்பாட்டுல உப்பே போடல" என்றான். பக்கத்தில் அவள், "வாய்தான் வந்துடுச்சே, கேட்டு வாங்கச் சொல்லுங்க அண்ணி" என்று கத்தியது எனக்குக் கேட்டது.

மேல்முறையீட்டுக்கு மேசைக்காரர் ஏற்பாடு செய்தார். இந்த முறை அலுவலகத்திலேயே, ஒரு மருத்துவர் முன்னால். இதுவும் போனால் அடுத்த ஒரு வருடத்துக்கு மனு போட முடியாது. அதனால் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். சிரிப்பும் அழுகையுமான ஒத்திகை. அவள்தான் டாக்டர்.

"சட்டைப் பொத்தானைப் போடுங்க, பார்ப்போம்."

"முடியும்."

"முடியும்னு வாயால சொல்லாதீங்க. போடுங்க."

போட்டான். அதாவது, போட முயன்றான். முதல் பொத்தானோடு மல்லுக்கட்டி, விரல் நடுங்கி, கடைசியில் தோற்று நிமிர்ந்தான். "இதை அப்படியே அவருக்குக் காட்டினா நடிக்கிற மாதிரி இருக்காதா?"

"நடிச்சது போன தடவை. இதுதான் நிஜம்" என்றாள் அவள்.

அவன் அவள் முதுகில் கையை வைத்து, "சரிடி. முடியாதுன்னு சொல்றேன். சத்தியம்" என்றான். அந்த இடத்தில் அவன் பொய் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னான்.

மேல்முறையீட்டன்று சவரம் இல்லை, இஸ்திரி இல்லை. நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான், உண்மையாகவே எப்படி உட்காருவானோ அப்படி. கூடத்தில் பெஞ்சுகள், சுவரோரம் தண்ணீர்க் குடம், மேலே கறகறக்கும் மின்விசிறி. மேசைக்காரர் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எல்லாம் ஒழுங்காகவே போயிருக்கும்.

வந்த மருத்துவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அது மேசைக்காரருக்கே அன்று காலைவரை தெரியாது. வழக்கமாக வருகிறவருக்கு உடம்பு சரியில்லையாம். சாதாரண உடுப்புதான், மார்பில் ஒன்றும் குத்தியிருக்கவில்லை. ஆனால் வராந்தாவில் அவர் நடந்து வந்த செருப்புச் சத்தத்திலேயே என் தம்பியின் தலை நிமிர்ந்துவிட்டது. நாங்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அவன் எழுந்து நின்றான். எதையும் பிடிக்காமல் நின்றான். ஒன்பது வருடத்தில் அவன் பிடிமானம் இல்லாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். செத்த கை விறைத்துத் தொடையோடு ஒட்டியிருந்தது.

"உட்காருங்க, உட்காருங்க" என்றார் மருத்துவர்.

உட்காரவில்லை. எந்தப் படை, எந்தப் பிரிவு என்று கேட்டார், சொன்னான். அந்த மலைப்பாதை அவருக்கும் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

"நலம், ஐயா!"

"வீட்ல உங்களைப் பார்த்துக்க உதவி தேவைப்படுதா?"

"இல்லை, ஐயா! எல்லாம் முடியும், ஐயா!"

அவன் மனைவி எழுந்துவிட்டாள். "பொய் சொல்றாருங்க! பொத்தான்கூடப் போட முடியாதுங்க, நான்தாங்க தூக்குறேன்…" அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை நான் சொல்ல விரும்பவில்லை. மேலதிகாரி முன்னால் காட்டிக் கொடுத்தவளைப் பார்க்கிற பார்வை அது. மருத்துவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, அவர் சொல்றதையும் என் கண் பார்க்கிறதையும்தான் நான் எழுத முடியும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண் முன்னால் ஒரு சிப்பாய் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.

இதோடு முடிந்திருந்தால்கூட அடுத்த வருடம் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் என் தம்பியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளைத் தொட விடவில்லை.

"ஐயாகிட்ட முடியும்னு சொல்லிட்டேன். அவர் அதை நம்பி எழுதியிருக்கார். இனிமே அது பொய்யாகக் கூடாது."

அவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். வாயால் சொன்னதை உடம்பால் நிஜமாக்கப் பார்த்தான். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு ஒரு காலை ஊன்றித் தானே தாவுவான். பல்லால் பொத்தானைக் கடித்துப் போடுவான். சட்டை நனைந்து கிடக்கும். "பாரு, போட்டுட்டேன்" என்பான். அவளுக்கு நிஜமாகவே வேலை குறைந்தது. முதுகு கொஞ்சம் தேறிற்று என்றுகூடச் சொன்னாள். இரண்டு பேரும் மறுபடி கேலி பேசிச் சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, "அண்ணி, உங்க தம்பி எனக்கு இன்னிக்குத் தலை வாரி விட்டாரு. ஒரு பக்கம் மட்டும்" என்று கோணல் வகிட்டைக் காட்டினாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது, இப்படியே போய்விடும் என்று.

ஒரு நாள் மதியம் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கழிப்பறைக்குத் தனியாகப் போனவன் வாசல் மேட்டில் கால் தடுக்கி ஆடுவதைப் பார்த்துவிட்டாள். கத்தியிருக்கலாம், ஓரமாக நின்றிருக்கலாம். ஒன்பது வருடப் பழக்கம், ஓடிப்போய்க் கீழே நுழைந்து தாங்கினாள். அவன் எடை முழுக்க அவள் மேல் விழுந்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பக்கத்து வீட்டார் வந்து தூக்கும்வரை இரண்டு பேரும் அந்த ஈரத் தரையில் ஒருவர் மேல் ஒருவர் கிடந்தார்கள். அவனால் அவள் மேலிருந்து நகரக்கூட முடியவில்லை. "நகர முடியலடி, நகர முடியலடி" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தானாம். அவள் அந்த வலியிலும், "பரவால்லங்க, கனமா இல்ல" என்றாளாம்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. நடப்பாள், ஆனால் இனி தண்ணீர்ச் செம்புக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மேசைக்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். முகம் செத்திருந்தது. உதவியாளுக்கு இப்போது சிறப்பு மனு போடலாம், கிடைத்துவிடும். ஆனால் உதவியாள் காலையிலும் மாலையிலும்தான் வருவார். இடைப்பட்ட நேரமெல்லாம் வீட்டில் தூக்கக்கூடிய ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு அவள் இருந்தாள். இப்போது அவளே படுக்கையில்.

"என் வீட்டுக்கு வந்துடுடா. நான் வேலையை விட்டுடுறேன்" என்றேன்.

"மூணு மாடிக்கா. கீழே உட்கார்ந்து மணி அடிச்சுக்கிட்டு இருக்கவா?" என்று சிரித்தான். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. "இல்லம்தான். நான் இருந்தா அவ மறுபடி தூக்குவா. டாக்டர் சொன்னாலும் தூக்குவா. எனக்குத் தெரியும்."

மறுநாள் அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தான். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றேன். கடைசியில் அவள், "அங்க சமைக்கிறவங்ககிட்ட உப்பு பத்தலன்னு சொல்லாதீங்க, கோச்சுக்குவாங்க" என்று சொன்னது மட்டும் கேட்டது.

சேவை மேசைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனேன். முதலில் வீட்டுக்கு வந்தாரே, அதே மதிப்பீட்டாளர் அம்மாதான் இல்லத்துக்கான சேர்க்கைக்கும் வந்திருந்தார். அவர் கேள்வி கேட்பதற்கு முன்பே இவன் தானாகச் சொல்ல ஆரம்பித்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டாளத்தில் அறிக்கை கொடுக்கிற குரலில் சொன்னான். "எழுந்து நிற்க முடியாது, அம்மா. குளிக்க முடியாது, அம்மா. பொத்தான் போட முடியாது. கழிப்பறைக்குத் தனியாப் போக முடியாது. என் மேல விழுந்தவங்களை, இல்ல, நான் யார் மேல விழுந்தாலும், நகர முடியாது." அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மேசைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

சேர்க்கைக்குச் சம்மதம் வேண்டும். வலது கை போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் அவனுக்கு இடது பெருவிரல் ரேகைதான். ரேகை வைத்தால் அருகே நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட்டு, இவரைச் சேர்க்க நான் சம்மதிக்கிறேன் என்று எழுத வேண்டும். அவனே கையெழுத்துப் போட்டால் அது தேவையில்லை. மேசைக்காரர் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"வேண்டாம்க்கா." மைப்பெட்டியை மூடிவிட்டான். "நீ போட்டா நீ அனுப்பின மாதிரி ஆயிடும். அவகிட்ட கொண்டுபோனா அவ அனுப்பின மாதிரி. நாளைக்கு யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நானாப் போறேன்னு இருக்கட்டும்."

என் கையிலிருந்து பேனாவை வாங்கினான். காகிதம் நழுவாமல் நான் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டேன். முதல் எழுத்து கோட்டுக்கு மேலே ஏறியது, மற்றவை சரிந்து கீழே இறங்கின. ஒரு முறை பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். கடைசி எழுத்துக்குப் பிறகு, படையில் சொல்லிக் கொடுத்தபடி, அடியில் ஒரு கோடும் இழுத்தான்.

என் தம்பி இடது கையால் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்டது, 2017 அக்டோபர் 12, வியாழக்கிழமை.